ஊசி படும் இடம்

ஜுல்ஃபிகர் சவூதியிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம், பூந்தமல்லி பள்ளிவாசல் தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எப்போ பாய் திரும்ப?" கறிக்கடைக்காரர் கேட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர் கேட்டார். பால் பூத்தில் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவில் வந்து போகிறவரிடம் வேறு என்ன கேட்பது? "இனிமே போவல. வந்தாச்சு" என்று அவர் சொல்வார். "நல்லதாப் போச்சு, இருங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கேட்காதவள் அவருடைய மனைவி வஹீதுன்னிசா ஒருத்திதான். தம்மாமில் அவர் வேலை பார்த்த ஏசி பராமரிப்புக் கம்பெனியை மூடி, ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஐம்பது தாண்டியவரை வேறு கம்பெனி எடுக்காது. இனி வீடுதான். நிக்காஹ் ஆனதிலிருந்து இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டு, இரண்டரை வருடம் தேறலாம். அதுவும் கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, மகள் அதீபாவின் பள்ளிக்கூட அட்மிஷன் என்று ஓடிய நாட்கள்.

முதல் இரண்டு வாரம் வஹீதுன்னிசா லீவுச் சமையல்தான் சமைத்தாள். அவர் வந்தால் சமைப்பதென்று ஒரு வரிசை உண்டு. மட்டன் தால்சா, வஞ்சிர மீன், கோலா உருண்டை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. மூன்றாவது வாரம் இருவர் வயிறும் சலித்துவிட்டது. ஒருநாள் அவள் தனக்கு வழக்கமாக வைப்பதுபோல் ரசமும் முருங்கைக்கீரையும் வைத்தாள். தட்டைப் பார்த்தார். சாப்பிட்டார். லீவு முடிந்துவிட்டது என்பது அவளுக்கே அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இரண்டே அறை வீடு. உள் அறையில் ஒரு கட்டில். அதில் அவர் படுத்துக்கொண்டார். தம்மாமில் கம்பெனி கேம்ப்பில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருந்தவர். அவருடைய உலகம் முழுக்கக் கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கும். தண்ணீர் பாட்டில், தொப்பி, தலைவலித் தைலம், சார்ஜர், ஒரு தட்டு, ஒரு டம்ளர். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். துவைத்த சட்டையை மடித்து அந்தப் பெட்டிக்குள்ளேதான் வைப்பார். பீரோவில் அவள் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்திருந்தாள். அது காலியாகவே இருந்தது. சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு வந்ததும் கேம்ப் நண்பர் பஷீருக்கு போன் போடுவார். வீட்டில் அவர் குரல் பெரிதாகக் கேட்பது அப்போதுதான். "டேய், அந்த சிரியாக்காரன் இன்னா ஆனான்? பாத்ரூம் பைப்பு இப்பனா சரி பண்ணானுங்களா?" சிரிப்பார். போனை வைத்ததும் வீடு பழையபடி ஆகிவிடும்.

முன்னறை வஹீதுன்னிசாவுடையது. ஜன்னலோரம் ஒரு மேசை, கழுத்தை வளைக்கும் விளக்கு, பூதக்கண்ணாடி. கல்யாணத்துக்கு முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சாரக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்தவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை அறுந்துவிடாமல் சுற்றும் கை. அதீபாவை ஆவடி பக்கம் பருத்திப்பட்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பொழுது நகரவில்லை. பழைய கம்பெனிக்காலத்திலிருந்தே பழக்கமான லேத் பட்டறைக் கஜபதிதான் நிஷாவை அவளிடம் அனுப்பினான். நிஷா திண்டுக்கல் பெண். ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு ஐடி கம்பெனிக்குப் போகிறவள். மிச்ச நேரத்தில் யாரும் கேட்டிராத சத்தம் எழுப்பும் வாத்தியங்கள் செய்து வெளிநாட்டு வித்வான்களுக்கு அனுப்புகிறாள்.

அந்த வாத்தியத்தின் உயிர் இருக்கும் பாகத்தைச் செய்வது வஹீதுன்னிசா. சட்டைப் பித்தானைவிடச் சற்றுப் பெரிய பித்தளைக் கிண்ணம். அதற்குள் ஈயத் தாதுக் கல் ஒன்று. பட்டாணி அளவு, கருஞ்சாம்பல் நிறம், பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னும். வெந்நீரிலேயே உருகிவிடும் ஒரு வெள்ளை உலோகத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறுவதற்குள் கல்லை அதில் பதிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பித்தளைக் கால். அதிலிருந்து சுருள் சுருளாக வளைந்து வரும் மெல்லிய கம்பியின் நுனி கல்லின் மேல் பட்டும் படாமலும் நிற்க வேண்டும். அந்த நுனிக்கு ஊசி என்று பெயர். நிஷா இந்த முழு அமைப்பையும் மவுண்ட் என்பாள். மின்சாரம் கொடுத்து ஊசியைக் கல்லின் மேல் நகர்த்தினால் ஓரிடத்தில் இரையும், ஓரிடத்தில் விசிலடிக்கும், ஓரிடத்தில் பூனைக்குட்டிபோல் கத்தும். பல இடங்களில் ஒன்றுமே வராது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தம் வரும் இடங்களைத் தேடுவதுதான் வஹீதுன்னிசாவின் வேலையில் பெரிய பாகம். மத்தியானம் தெரு அடங்கிக் கிடக்கும்போது அந்த இரைச்சல் காதில் இருந்தால், வீட்டில் யாரோ வேறு அறையில் வேலையாக இருப்பதுபோல இருக்கும் அவளுக்கு. கல்லைக் கையால் தொட மாட்டாள். இடுக்கியால்தான் எடுப்பாள். விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் கல் செத்துவிடும்.

ஜுல்ஃபிகர் வந்த புதிதில் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"பாட்டு கேக்கறியா?"

ஹெட்போனில் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் அவர் விசாரித்ததில்லை.

ஒரு காலையில் அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளை உலோகத்தை உருக்குவதற்கென்று அவள் தனியாக வைத்திருந்த சட்டி. உள்ளே நான்கு முட்டை.

"இன்னாங்க இது? இதுல எதுக்குப் போட்டீங்க?"

"முட்ட வேக வெச்சேன். உனக்கும் சேத்துதான்."

"ஐயோ, அது ஈயம் காய்ச்சற சட்டிங்க! வெஷம். தொடாதீங்க, தொடாதீங்க!"

துணியால் பிடித்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் தண்ணீரை வாசல் சாக்கடையில் கொட்டினாள். முட்டைகளைக் குப்பையில் போட்டாள். திரும்பி வந்தபோது அவர் சமையலறையிலேயே நின்றிருந்தார். உள்ளங்கையில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து தயாராக வைத்திருந்தார்.

"எனக்கு இன்னா தெரியும்? சட்டின்னா சட்டின்னு நெனச்சேன்" என்றார். கையைக் குழாயடியில் நீட்டிக் கழுவினார்.

அவள் வேறு சட்டியில் முட்டை வைத்துக் கொடுத்தாள். பசியில்லை என்றுவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மெட்ரோ தூண்களுக்குத் தோண்டிய இடமெல்லாம் குளமாகி, டிரங்க் ரோடில் பஸ்கள் வரிசையாக நின்றன. அந்த வாரத்தில் நிஷா போன் செய்தாள்.

"அக்கா, போர்ச்சுகல் குரூப்புக்கு வியாழக்கிழமை கூரியர் போயே ஆகணும்க்கா. அவங்க மேடை நிகழ்ச்சி தேதி குறிச்சிட்டாங்க. லேட்டானா பிளாஸ்டிக்ல அச்சடிச்ச மவுண்டை வேற எடத்துல வாங்கிக்கிறோம்னு சொல்றாங்க. அப்புறம் நம்மகிட்டத் திரும்ப வர மாட்டாங்க."

"முடிஞ்ச மாதிரிதாம்மா. கல்லு எல்லாம் பதிச்சாச்சு, எடம் பாத்தாச்சு. கூட வெச்சு அனுப்ப கஜபதி அண்ணன் கிட்ட ஸ்பேர் பித்தள காலு மட்டும் கொஞ்சம் வாங்கணும். நாளிக்கு போய் வாங்கியாறேன்."

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனாள். பட்டறையில் கஜபதி லேத்தை நிறுத்திவிட்டு, பித்தளைச் சுருள் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"பாய் ஒரேயடியா வந்துட்டாராமே! இனிமே உனக்கு இன்னாம்மா, ராணி மாதிரி கீலாம்."

"ஆமாண்ணே."

"இத்தினி வருஷம் தனியா கெடந்து பேஜாரு பட்ட. நான் எங்க ஊட்டுல சொல்லிகினே இருப்பேன், அந்தம்மா எப்படித்தான் கீதோன்னு."

"நல்லாத்தாண்ணே இருந்தேன்" என்றாள். சொன்ன பிறகு அது உண்மைதான் என்று பட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பஸ் கிடைத்து, மழையில் ஊர்ந்து, அவள் வீடு வந்து சேர சாயங்கால அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்ததுமே மூக்கில் ஒரு நெடி ஏறியது. பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பாலீஷ். ஜன்னலோரம் தரையில் நியூஸ் பேப்பரை விரித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜுல்ஃபிகர் உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளெல்லாம் கறுப்பு. எதிரே அவள் மவுண்ட்களை அடுக்கிவைக்கும் தட்டு. மவுண்ட்கள் அத்தனையும் தங்கம்போல் மின்னின. கிண்ணத்தை மட்டுமில்லை, கல்லையும் விட்டுவைக்கவில்லை. காதுகுடையும் பஞ்சுக்குச்சியைப் பாலீஷில் தோய்த்து, ஊசியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கல்லையும் தேய்த்திருந்தார்.

"வந்துட்டியா? இத்த பாரு" என்றார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்ததில்லை. "பித்தள எல்லாம் கருத்துப் போய் கெடந்துச்சு. ஃபாரினுக்கு அனுப்பற சாமான் இப்படியா அனுப்புவாங்க? கரன்ட் வேற போச்சு, சும்மா தானே கீறேன்னு ஒக்காந்தேன்."

வஹீதுன்னிசா நனைந்த குடையை மடிக்கவில்லை. மேசைக்குப் போய் ஒரு மவுண்டை எடுத்தாள். கரன்ட் வந்திருந்தது. ஹெட்போனை மாட்டி, ஊசியைக் கல்லின் மேல் வைத்தாள். நகர்த்தினாள். இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்று. அவள் வாரக்கணக்கில் தேடிப்பிடித்த இடங்கள் எதிலும் ஒன்றுமில்லை.

"இன்னா?" என்றார் அவர்.

"செத்துப்போச்சு."

"இன்னாது செத்துப்போச்சு?"

"கல்லு. எல்லாம் செத்துப்போச்சு. யார் கேட்டாங்க உங்கள? யாரு தொடச் சொன்னாங்க?"

"தொடச்சேன், அவ்ளோதான. அழுக்கத் தொடச்சா கெட்டுப்போவுமா ஒரு சாமான்?"

"அழுக்கு இல்ல அது! கை படக்கூடாது. எண்ணெ படக்கூடாது. வியாயக்கெயம போவணும் இதெல்லாம். இப்ப நான் இன்னா சொல்லுவேன் அந்தப் பொண்ணுக்கு?"

"சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன் இல்ல?"

அவள் மவுண்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். வேறொன்று வாயில் வந்தது.

"இத்தினி வருஷம் நீங்க இல்லாமதான் இந்த ஊடு நடந்துச்சு. ஒரு சாமான் கெட்டதில்ல."

ஜுல்ஃபிகர் எழுந்தார். பேப்பரைச் சுருட்டினார். பாலீஷ் டப்பாவை மூடினார். சோப்பு போட்டு விரல்களை ரொம்ப நேரம் தேய்த்துக் கழுவினார். இரவு அவள் சோறு போட்டாள், சாப்பிட்டார். தட்டைக் கழுவித் துடைத்து, வழக்கம்போல் கட்டில் பக்கம் எடுத்துப் போனவர், பாதியில் நின்று திரும்பி, சமையலறை அலமாரியில் அவளுடைய பாத்திரங்களோடு வைத்தார்.

காலையில் அவர் ஃபஜ்ர் தொழுகைக்குப் போனார். பால் வாங்கிக்கொண்டு வருவார் என்று அவள் டீக்குத் தண்ணீர் வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. தோள் பை இல்லை. வெகுநேரம் கழித்து அதீபா போன் செய்தாள்.

"அம்மா, அத்தா இங்க வந்துகீறாரு. பேத்திய பாக்க வந்தேன்னு சொல்றாரு. இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. பாக்கணும்னு தோணியிருக்கும். இருக்கட்டும்."

"மழையில நனஞ்சுகினு வந்துகீறாரும்மா. குட கூட இல்ல."

"தல தொவட்டச் சொல்லு" என்று போனை வைத்தாள்.

நிஷாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, மழைக்கோட்டோடு ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள் நிஷா. தட்டைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரர் ஒருதரம் என் சர்க்யூட் போர்டை டெட்டால் போட்டுத் துடைச்சு வெயில்ல காய வெச்சாரு. ஒரு வாரம் பேசல நான்."

"இப்ப இன்னாம்மா பண்றது?"

"உடைச்சுப் பாப்போம்க்கா. மேல் முகம்தானே போச்சு?"

கிண்ணங்களை வெந்நீரில் போட்டுக் கல்லைக் கழற்றினார்கள். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கல்லின் விளிம்பில் பிளேடை வைத்து, சிறு சுத்தியலால் ஒரு தட்டு. அந்தக் கல்லின் குணம் அது. சரியான கோட்டில் தட்டினால் கத்தியால் அறுத்ததுபோல் நேராகப் பிளக்கும். உள்ளே புது முகம், யார் கையும் படாதது, வெளிச்சத்தில் பளீரென்றிருக்கும். கோடு தப்பினால் கற்கண்டுபோல் பொடிந்துவிடும். பொடிந்தவற்றை வஹீதுன்னிசா ஒரு மூடியில் ஒதுக்கினாள். பிளந்தவற்றை மறுபடி பதித்து, முதலிலிருந்து இடம் தேட ஆரம்பித்தாள். வெளியே மழை விடாமல் பெய்தது. நிஷா இரண்டுமுறை டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

"பாய் எங்கக்கா?"

"மவ ஊட்டுக்குப் போயிருக்காரு."

நிஷா ஒரு கல்லை இடுக்கியால் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன வேலை, எதுக்குன்னு அவர் கேட்டாராக்கா உங்ககிட்ட?"

"இல்ல."

"நீங்க சொன்னீங்களா?"

வஹீதுன்னிசா ஊசியை நகர்த்திக்கொண்டிருந்தாள். எங்கோ ஓரிடத்தில் மெல்லிதாக இரைந்தது. அதை விட்டுவிடாமல் பிடித்து, ஊசியை இறுக்கினாள்.

"அவரு அங்க இன்னா வேல பாத்தாருன்னு எனக்கும் ஒயுங்கா தெரியாதும்மா" என்றாள். "ஏசி வேலன்னு தெரியும். ஏணி மேல ஏறுவாரா, வெயில்ல நிப்பாரா, யார்கூட சாப்புடுவாரு, ஒண்ணும் தெரியாது. போன்ல 'சாப்ட்டியா, சாப்ட்டேன், ஒடம்பு எப்படி கீது, நல்லா கீது.' அவ்ளோதான் பேசியிருக்கோம் இத்தினி வருஷமா."

பாதிக்கு மேல் தேறிற்று. மீதியைப் பிறகு தருவதாக நிஷா போர்ச்சுகல்காரர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள். வியாழக்கிழமை கூரியர் போயிற்று.

மேசை காலியானது. வஹீதுன்னிசா கட்டிலில் படுத்துப் பார்த்தாள். மெத்தை அவர் உடம்புக்குக் குழிந்திருந்தது. தூக்கம் வராமல் எழுந்து கீழே பாய் விரித்தாள். ரசம் வைத்தாள், இரண்டு பேருக்கு இருந்தது. முன்பெல்லாம் அவர் சவூதிக்குக் கிளம்பும்போது வழியனுப்பிவிட்டு வந்து ஒரு நாள் படுத்திருப்பாள், மறுநாள் எழுந்துவிடுவாள். இந்தத் தடவை எழுந்துகொள்ள முடியவில்லை. பஸ்ஸில் போனால் அரைமணி நேரத்தில் இருக்கிற பருத்திப்பட்டில் இருக்கும் மனிதர், தம்மாமைவிடத் தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது.

அதீபா மறுபடி கூப்பிட்டாள். "அம்மா, நீயா வரப்போறியா, நான் கூட்டிகினு வரட்டா? காலீல எழுந்து ஏரிக்கர போறாரு, மத்தியானம் வராரு, சாப்புடறாரு, மறுபடி போறாரு. பாப்பாவ கூட தூக்க மாட்டேங்கறாரு. அவுங்க வேற கேக்கறாங்க, மாமாவுக்கு நம்ம மேல எதுனா வருத்தமான்னு." அவுங்க என்றது அவள் கணவன் ராஷித்தை.

வஹீதுன்னிசா ஆவடி பஸ் ஏறினாள்.

பருத்திப்பட்டு ஏரி நிரம்பி, கரையோரக் கற்களை நனைத்துக்கொண்டிருந்தது. நடைபாதையில் ஆள் அதிகமில்லை. சிமென்ட் பெஞ்சில் ஜுல்ஃபிகர் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய், இடையில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"மழையில எதுக்கு வந்த?"

"மழ வுட்டுடுச்சு."

நீர்க்கோழி ஒன்று முங்கி, எதிர்பாராத இடத்தில் எழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"கல்லு இன்னா ஆச்சு?"

"ஒடச்சோம். பாதிக்கு மேல தேறிச்சு. அனுப்பியாச்சு."

"அப்ப நான் கெடுத்தது பாதி."

"அதெல்லாம் வுடுங்க."

"நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அப்படி சொன்னியா?"

"அப்ப தெரியல. நீங்க போனதுக்கப்பால தெரிஞ்சுது."

அவர் தலையாட்டினார். "ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "நான் அங்க கீறப்ப நீ எங்க படுப்ப?"

"இன்னா கேள்வி இது?"

"சொல்லேன். அந்தக் கட்டிலு. அது உன் எடமா?"

"ஆமா."

"இப்ப நீ கீய பாயில படுக்கற."

"உங்களுக்கு முதுகு வலின்னு..."

"நான் வந்து ரெண்டு மாசம் ஆவப்போவுது. ஒரு தபா கூட எனக்கு இது தோணல பாரு. கேம்ப்ல ஒருத்தன் கட்டில இன்னொருத்தன் எடுத்துகினா அடிதடி ஆயிடும்." சிரிக்க முயன்றார், வரவில்லை. "அங்க எட்டு பேரு. எந்நேரமும் சத்தம். ஒருத்தன் இருமுவான், ஒருத்தன் ஊட்டுக்கு போன் போட்டு அழுவான். நம்ம ஊட்டுல போய் அமைதியா படுக்கணும், படுக்கணும்னு இத்தினி வருஷம் அதே நெனப்புதான். வந்து பாத்தா, அந்த அமைதி தாங்கல எனக்கு. நீ மெஷின காதுல மாட்டிகினு ஒக்காந்துனு கீற. நான் எந்தப் பக்கம் நடந்தாலும் உனக்கு எடஞ்சலா கீதோன்னு தோணுது."

"எனக்கு அந்த அமைதி பழகிப்போச்சுங்க" என்றாள். "உங்கள எடஞ்சல்னு நான் நெனக்கல. ஆனா ஒரு ஆளு ஊட்டுல கீறப்போ எப்படி கீறதுன்னு எனக்கு மறந்துபோச்சு."

ஈரக் காற்று அடித்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பஷீருக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னான்" என்றார் அவர். "ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் கீது. பழம், காய் வெக்கற எடம். மெஷின பாத்துக்க ஆளு வேணுமாம். வயசெல்லாம் கேக்கல. படுக்க ரூம் தராங்களாம்."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் பூந்தமல்லியில் கைகாட்டினால் நிற்கும். தினம் போய் வரலாமே என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தாரோ, அது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தாரோ, அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"மழக்காலத்துல தெனம் போய் வர்றது கஷ்டம்தான்" என்றாள்.

"ஆமா" என்றார் அவர் உடனே. "கஷ்டம்."

"ஞாயித்துக்கெயம லீவா?"

"சனிக்கெயம சாயங்காலமே வுட்டுடுவாங்க."

"அப்ப வந்துடுங்க. சமச்சு வெக்கிறேன்."

விஷயம் கேட்டு அதீபா கத்தினாள். "ரெண்டு பேருக்கும் இன்னா புத்தி கெட்டுப்போச்சா? பஸ்ல ஏறி ஒக்காந்தா ஒரு மணி நேரம் ஆவாது! ஊடு கீது, பொண்டாட்டி கீது, எதுக்கு போய் ரூம்ல படுக்கணும்? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"நீ உன் புள்ளைய பாரு" என்று வஹீதுன்னிசா எழுந்துகொண்டாள். ஜுல்ஃபிகர் பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

கார்த்திகை பிறந்ததும் வேலையில் சேர்ந்தார். முதல் சனிக்கிழமை மத்தியானமே வஹீதுன்னிசா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். கோலா உருண்டைக்குக் கைமா கொத்தி வாங்கி வந்தாள். இருட்டும் முன்பு அவர் வந்தார். கையில் ஒரு பையில் அடிபட்டு ஒதுக்கிய ஆப்பிள். சாப்பிடும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். குளிர் அறைக்குள் போக அவர்கள் கொடுத்த கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. பீகார் பையன்கள் அவரைச் சாச்சா என்கிறார்கள். உள்ளே வெங்காயத்தையும் ஆப்பிளையும் ஒரே அறையில் போட்டு வாசம் ஏறவிட்டு மேனேஜர் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் எச்சில் கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் மேசைப் பக்கம் வந்து, எதையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த சத்தம் இன்னா, நான் கேக்கலாமா?"

வெளிநாட்டில் இதை மேடையேற்றி வாசிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அவள் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, ஊசியை நகர்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, கம்ப்ரஸரில் காது வைப்பவர்போல் முழுக் கவனமாகக் கேட்டார்.

"கேஸ் லீக் ஆவுது" என்றார்.

வஹீதுன்னிசா சிரித்துவிட்டாள்.

"நெசமா. எடது பக்கம் பைப்புல. இதுக்காடி காசு குடுத்து டிக்கெட் வாங்குவானுங்க?"

"வாங்கறாங்களாமே."

"இன்னொரு எடம் வெய்யி." கேட்டார். "இது ஃபேன் பெல்ட்டு." மறுபடி கேட்டார். இந்தத் தடவை ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். "இது நல்லா கீது" என்றார் மெதுவாக.

ஞாயிறு சாயங்காலம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவளும் பஸ் ஸ்டாப் வரை போனாள். விமான நிலையத்துக்கெல்லாம் அவள் போனது ஆரம்ப காலத்தில்தான். அப்புறம் தெரு முனையில் டாக்ஸியோடு சரி. ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. கேரியரை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"வரட்டா?"

"பாத்துப் போங்க. கோட்டுப் போடாம உள்ள போவாதீங்க."

"சரி. நீ போ."

அவ்வளவுதான் பேச இருந்தது. ஆனால் பஸ் நகரவில்லை. முன்னால் மெட்ரோ வேலைக்கு வந்த கிரேன் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பத் தடுமாறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு கிரேனைப் பார்த்தார்கள். விடைபெற்ற பிறகு மிஞ்சிக் கிடக்கும் நேரத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் கையால் போ, போ என்றார். அவள் போகவில்லை.

"அந்த ரூம்ல ஜன்னல் கீதா?" என்று கேட்டாள்.

"கீது. ஆனா தொறக்க வராது. பெயிண்டு அடிச்சே ஒட்டிகினு கீது."

"அப்ப காத்து?"

"ஃபேன் கீது. அதுவும் ஒரு மாதிரி கத்துது. ராத்திரியெல்லாம்..." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். "சிரிக்காத. உன் கல்லுல ஒண்ணு மாதிரியே கீது. மொத நாள் ராத்திரி தூக்கமே வரல, எழுந்து ஒக்காந்து..."

கிரேன் விலகிவிட்டது. பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன. பஸ் உலுக்கிக்கொண்டு கிளம்பியது. அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். அவள் ஜன்னலோடு கூடவே நாலைந்து அடி நடந்தாள். உதடுகள் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பஸ் வேகம் எடுத்தது.

எழுந்து உட்கார்ந்து என்ன செய்தார் என்பதைச் சனிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, வஹீதுன்னிசா ரோட்டின் சேற்றைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தாள்.